முன் சக்கரத்துக்கு இருபது குண்டு

ஓய்வுபெற்ற மறு வருடம், ஆவணி மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கலாமென்று குனிந்தேன். வலது கை அசையவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் ஏதோ முனகல் போலத்தான் வந்தது. முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தவள் அந்தச் சத்தத்துக்கே எழுந்து வந்துவிட்டாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். எதிர்வீட்டுக்காரரின் காரை எடுக்கச் சொல்லி, என்னை அதில் ஏற்றி, கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை என் தலையைத் தோளில் தாங்கியபடியே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதும் அவள் கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேரத்தோட கொண்டாந்துட்டீங்கம்மா" என்றார் டாக்டர். அந்த வார்த்தையின் எடை அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாகத் தெரிந்தது.

பக்கவாதத்தில் விழுந்த கால் ஒன்றரை மாதத்தில் திரும்பிவிட்டது. பேச்சு முக்கால்வாசி வந்தது. ஆனால் அவசரத்தில் பேசும்போது சில வார்த்தைகள் கிடைக்காது, வேறு வார்த்தைகள் வந்து விழும். கைதான் வம்பு செய்தது. தோளும் முழங்கையும் அசைந்தன. விரல்கள் மட்டும் அப்படியே கிடந்தன. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தராக இருந்தவன் நான். எத்தனை பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் அந்தக் கையால் எழுதியது. இப்போது சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபிக்காக ஒரு பெண் பஸ்ஸில் வருவாள். பொறுமையான பெண். ஒரு தட்டில் புளியங்கொட்டையைப் போட்டு, வலது கை விரலால் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த தட்டில் போடச் சொன்னாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தாற்போல வரும். கொட்டையை நெருங்கியதும் அது வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பட்டாணியும் அப்படித்தான். பாசிமணியும் அப்படித்தான். மாசி மாதம் வரை, கிட்டத்தட்ட ஆறு மாதம், நான் எடுத்த கொட்டைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டேன். வீடெல்லாம் புளியங்கொட்டை.

மனைவி கோபப்படவில்லை. துடைப்பத்தால் கூட்டி, பொறுக்கி, மறுபடி தட்டில் போட்டாள். "நாப்பத்திரண்டும் இருக்கு. எதுவும் போகல" என்றாள். அவளுக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம். பொத்தான், கொக்கி, ஊசி எல்லாம் எண்ணித்தான் எடுப்பாள், எண்ணித்தான் வைப்பாள். எனக்கு அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

என்னுடைய சைக்கிள் முன்னறை மூலையில், அவளுடைய தையல் மெஷினுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. சாதாரண சைக்கிள் இல்லை. வளைந்த ஹேண்டில்பாரும் குறுகலான டயரும் உள்ள பழைய ரேஸ் சைக்கிள். கல்யாணத்துக்கு முந்தின வருடம், பொன்மலையில் ரயில்வே குடியிருப்பைக் காலி செய்துகொண்டு வெளிநாடு கிளம்பிய ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் வாங்கினேன். அதற்கு முன்பே அது பல வருடம் ஓடிய வண்டி. கரும்பச்சைப் பெயின்ட், ஒல்லியான இரும்புச் சட்டம். அதில்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுக்கோட்டை வரைக்கும், சில நாள் கொடும்பாளூர் வரைக்கும்கூடப் போய்வருவேன். வருடா வருடம் அடைமழைக்கு முன்னால் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, அச்சைச் சுற்றியிருக்கிற சின்ன இரும்புக் குண்டுகளை எடுத்துக் கழுவி, புதுக் கிரீஸ் வைப்பேன். அந்த வேலையில் யாரையும் கிட்டே விட்டதில்லை. மனைவி ஒரு தடவை துடைக்கிறேனென்று கை வைத்தபோது, "ஒனக்கு ஒரு மெஷின் இருக்குல்ல, அதப் பாரு" என்று சொன்னவன் நான்.

மாசியில் ஒருநாள் காலை, அறையைக் கழுவிவிடுவதற்காக அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடைக்கு வந்தாள். முன் சக்கரம் சுற்றியபோது கரகரவென்று ஒரு சத்தம். மணலை மெல்கிற மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பே கூசியது. அந்த வருடம் கிரீஸ் வைக்கிற நேரத்தில்தான் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"என்னங்க இது, இப்படிக் கத்துது?"

"கிரீஸ்... காஞ்சிருச்சு."

அவள் சக்கரத்தைத் தூக்கி இன்னொரு தடவை சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. நான் செய்றேன்."

வேண்டாமென்றுதான் முதலில் தலையாட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. "முப்பது வருசமா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருக்கேன். இதுவும் சுத்துற சாமான்தானே? நீங்க வாயால சொல்லுங்க, போதும்."

பழைய செய்தித்தாளை விரித்தோம். சக்கரத்தைப் பிடித்திருந்த, விரலால் திருகுகிற ரெக்கை நட்டுகளைத் தளர்த்தி அவள் ஒரு நொடியில் சக்கரத்தை வெளியே எடுத்துவிட்டாள். என் கருவிப் பெட்டியிலிருந்து தட்டையான ஸ்பேனரைக் காட்டினேன். அச்சின் முனையில் ஒரு நட்டு. அதற்கு உள்ளே கூம்பு மாதிரி ஒரு துண்டு. கடைக்காரர்கள் அதைக் கோன் என்பார்கள். அதுதான் குண்டுகளை உள்ளே அழுத்திப் பிடித்திருப்பது. அதைப் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் திருப்பு என்று சொல்ல வேண்டும். வார்த்தை வரவில்லை.

"அந்தக் கோ... கோ... கோழியப் பிடி."

"எதை?"

"கோழி!"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கோழி எதுவும் வரவில்லையென்று தெரிந்ததும் என்னைப் பார்த்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவள் சிரித்துச் சிரித்து, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "சரி, கோழியப் பிடிச்சாச்சு, அடுத்தது?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோனுக்குப் பெயர் கோழிதான்.

அச்சை உருவியதும் குண்டுகள் எவர்சில்வர் தட்டில் கொட்டின. மிளகளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். கறுத்துப்போன கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்ததை நெம்பி எடுத்து, கிண்ணத்தில் டீசல் ஊற்றி அதில் போட்டாள். வெட்டுத் துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. பட்டுத் துணி அழுக்கை இழுக்கவில்லை. லைனிங் துணி நன்றாக இழுத்தது. கழுவிய குண்டுகளைக் கிண்ணத்திலிருந்து எடுக்க அவள் ஒரு வேலை செய்தாள். கீழே விழுந்த ஊசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை உள்ளே விட்டாள். நான் "ஐயோ, வேணாம்" என்பதற்குள் குண்டுகள் எல்லாம் திராட்சைக் கொத்து மாதிரி மேலே வந்துவிட்டன. பிரித்து வைத்தால் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காந்தம் ஏறிவிட்டால் இரும்புத் தூளையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

"தெரியாம செஞ்சுட்டேங்க" என்றாள். நான் சலித்துக்கொள்வேனென்று பயந்த குரல். அப்படி ஒரு குரலை அவளிடம் நான்தான் இத்தனை வருடத்தில் உண்டாக்கியிருக்கிறேன் என்று தோன்றியது. "பரவால்ல" என்றேன். அந்த வார்த்தை தங்குதடையில்லாமல் வந்தது.

அவள் எண்ண ஆரம்பித்தாள். "பத்தொம்பது இருக்குங்க."

"இருபது. ஒரு பக்கத்துக்குப் பத்து."

"பத்தொம்பதுதான்."

மறுபடி எண்ணினாள். பத்தொன்பது. செய்தித்தாளை உதறினோம். தையல் மெஷினை நகர்த்திக் கூட்டினாள். காந்தத்தைக் கட்டிலுக்கடியில் இழுத்துப் பார்த்ததில் இரண்டு ஊசியும் ஒரு கொக்கியும் கிடைத்தன. குண்டு இல்லை.

"இப்ப உருண்டு போயிருந்தா சத்தம் கேட்டிருக்கும். முன்னாடியே இல்லாம இருந்திருக்குமோ?" என்றாள்.

"இருக்காது. நான் எண்ணித்தான் போடுவேன்" என்று விறைப்பாகச் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். போன தடவை நான் கிரீஸ் வைத்தது ஓய்வுபெறுகிற மாதம். பென்ஷன் காகிதங்களுக்காக ஆபீசிலிருந்து மாற்றி மாற்றிப் போன் வந்துகொண்டிருந்தது. பாதியில் எழுந்து எழுந்து போனேன். எண்ணினேனா? எண்ணியது அதற்கு முந்தின வருடமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு குண்டு குறைவாகவே அந்தச் சைக்கிள் கிட்டத்தட்ட ஒரு வருடம் என்னைச் சுமந்துகொண்டு போய்வந்திருக்கிறது.

"நான்தான் விட்டிருப்பேன்" என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு குண்டைக் காட்டினாளாம். அவர் அதை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மேலெல்லாம் குழி விழுந்துருச்சுக்கா. ஒண்ணு மட்டும் புதுசு போட்டா ஒத்து வராது. மொத்தமா மாத்திருங்க" என்று ஒரு சின்னப் பொட்டலமும் கிரீஸ் டப்பாவும் கொடுத்திருக்கிறார். யாருக்கு என்று கேட்டதும் விவரம் சொன்னாளாம். "சாருக்கா? ஏதும் சந்தேகம்னா எனக்கு ஒரு போன் போடுங்கக்கா, கடைய அடைச்சிட்டு வாரேன்" என்றாராம். தன் மகனுக்குச் சேர்க்கையின்போது சார்தான் மனு எழுதிக்கொடுத்தார் என்றும் சொன்னாராம். எனக்கு நினைவே இல்லை.

அடுத்து நடந்ததுதான் நான் எழுத நினைத்தது.

அச்சுக் குழியின் இரண்டு ஓரத்திலும் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். அதில் கிரீஸை நிரப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். மெஷினின் பாபின் பெட்டியிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் அவள் பள்ளத்தில் கிரீஸைத் தடவி முடித்திருந்தாள். தட்டில் இருபது புதுக் குண்டுகள். அந்த நேரம் வாசலில் ஒரு பெண்ணின் குரல். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவள். மனைவி கிரீஸ் கையோடு எழுந்து போனாள். தட்டு சரியாமல் இருக்க நான் என் வலது கையை எடுத்து, இடது கையால்தான் எடுத்தேன், தட்டோரம் வைத்தேன். செய்தித்தாளில் சிந்தியிருந்த கிரீஸ் விரல்களில் அப்பிக்கொண்டது; விரல் நுனிகள் தட்டுக்குள் சரிந்தன. எனக்கு அது தெரியவில்லை. விரலில் உணர்ச்சி அவ்வளவுதான்.

முகத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. விரட்ட வலது கையைத் தூக்கினேன். தூக்கிய கையின் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு குண்டு பளபளத்தது.

கையைத் திருப்பினேன். குண்டு விழவில்லை. கவிழ்த்தேன். விழவில்லை. கிரீஸ் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதமாகப் புளியங்கொட்டையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இந்த விரல்களைக் கெஞ்சியிருக்கிறேன். இதற்குப் பிடிப்பே வேண்டியிருக்கவில்லை. கொண்டுபோனால் போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் நடுவே கையைக் கொண்டுபோனேன். பள்ளத்தின் ஓரத்தில் இடித்தது. விரலை அழுத்தி மெல்ல நகர்த்தினேன். விரலை எடுத்தபோது குண்டு பள்ளத்தின் கிரீஸில் உட்கார்ந்திருந்தது.

வாசலில் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாளன்னைக்குக் கல்யாணம்க்கா. இன்னைக்குத் தாரேன்னுதானே சொன்னீங்க?"

ஜாக்கெட் துணி இருந்த பக்கம் திரும்பிய மனைவி, நான் இரண்டாவது குண்டைத் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மறுபடி வாசல் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலையில ஒங்க வீட்டுக்கே கொண்டாந்து தாரேன்மா. இன்னைக்கு முடியாது. கோவிச்சுக்காத" என்றாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வேலையா இருக்காகளா?" என்றாள்.

"ஆமா. வேலையா இருக்காக" என்றாள் மனைவி.

வேலையா இருக்காக. ஆறு மாதத்துக்குப் பிறகு என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை.

முதல் பக்கத்துப் பத்துக் குண்டுகளைப் பதிக்க மத்தியானம் ஆகிவிட்டது. எத்தனையோ தடவை விழுந்தது. விழுந்த குண்டை அவள் எடுத்து, துடைத்து, மறுபடி தட்டில் போட்டாள். ஒன்றைக்கூடத் தானே எடுத்துப் பள்ளத்தில் வைக்கவில்லை. வைத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. சக்கரத்தை மட்டும் எனக்கு வாகாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு இரண்டாம் பக்கம். அந்தப் பக்கம் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது. ஏழாவது குண்டை எடுக்கும்போது கட்டை விரலும் வந்து சேர்ந்துகொண்டது. நான் சொல்லவில்லை. தானாகத்தான் வந்தது.

கடைசி வேலைக்கு ஒரே நேரத்தில் இரண்டு கை வேண்டும். ஒரு ஸ்பேனரால் கோழியைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் வெளி நட்டை இறுக்க வேண்டும். என் இடது கையில் ஒரு ஸ்பேனர், அவள் வலது கையில் ஒன்று. முதல் தடவை இறுக்கம் கூடிப்போய்ச் சக்கரம் சுற்ற மறுத்தது. தளர்த்தினால் அச்சு இங்கிட்டும் அங்கிட்டும் ஆடியது.

"மயிரிழைதான் திருப்பணும். நீ ரொம்பத் திருப்புற."

"நான் எங்க திருப்புறேன், நீங்கதான் விட்டுர்றீங்க."

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ சரியாக வந்தது. அச்சின் இரு முனைகளையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டோம். அவள் மற்றக் கையால் டயரைத் தட்டிவிட்டாள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. வெகுநேரம் சுற்றியது. வேகம் குறைந்து, காற்றடிக்கும் வால்வின் எடைக்குக் கீழே வந்து, ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் ஏறி, ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி நின்றது. இருவரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் சோப்புத்தூள் போட்டு என் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஜாக்கெட்டைத் தைக்க உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை வந்த தெரபிப் பெண் என் நகக்கண்ணில் கறுப்பைப் பார்த்து, "என்ன சார் இது?" என்று கேட்டாள். மனைவி எல்லாவற்றையும் சொன்னாள், கோழி உட்பட. அந்தப் பெண் குண்டுகளையும் கிரீஸையும் கொண்டுவரச் சொல்லி, நான் எடுத்து வைப்பதைக் குனிந்து பார்த்தாள். அதற்கடுத்த முறை ஒரு யோசனையோடு வந்தாள். முதலில் நிறையக் கிரீஸ். நாலு நாள் கழித்துக் கொஞ்சமாக. பிறகு இன்னும் கொஞ்சமாக. கடைசியில் வெறும் விரல். வேறொரு வீட்டில் ஒரு அம்மாவுக்குக் கிரீஸுக்குப் பதிலாகச் சப்பாத்தி மாவை வைத்துப் பார்த்ததாகவும், அவர்களும் பட்டாணியை எடுக்க ஆரம்பித்துவிட்டதாகவும் பங்குனியில் சொன்னாள். எனக்கு முகம் தெரியாத அந்த அம்மாவுக்காக ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

சித்திரையில் என் சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொண்டேன். மேலிருந்து மூன்றாவது மட்டும் இன்னும் தகராறு செய்கிறது. எழுத்து இன்னும் கோணல்தான். இதையெல்லாம் இடது கை விரலால் போனில் தட்டினேன்; மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது பிழை திருத்திக் கொடுத்தாள்.

வைகாசியில் ஓட்டலாமென்று டாக்டர் அனுமதி கொடுத்தார். மேடு பள்ளமில்லாத ரோட்டில், கூட ஆளோடு. சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, இரண்டு பிரேக்கையும் இடது கைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பினேன். பின்னாலேயே மனைவி ஸ்கூட்டியில். நான் நடு ரோட்டுக்கு நகர்ந்தால் ஒரு ஹாரன். வேகம் கூடினால் இரண்டு ஹாரன். முந்திரித் தோப்பு ஓரமாகப் பழ வாசனையோடு போய், குளத்துப் பாலத்தில் காலை ஊன்றி நின்றேன். அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, "என்ன சார், ரேசுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இவுகதான் பர்ஸ்ட்டு" என்றாள் அவள்.

அவளிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்று மாசியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நன்றியென்று யாரும் யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"ரொம்ப..." என்றேன்.

"ரொம்ப மூச்சு வாங்குதா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"இல்ல. நீ இல்லாட்டி..." மேலே வரவில்லை. இந்தத் தடவை அது நோயின் குற்றமில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். "தெரியுது, தெரியுது. வெயில் ஏறுது, மெல்லக் கிளம்புங்க. நான் பின்னால வாரேன்" என்றாள்.

நான் பெடலை மிதித்தேன்.